சிறுதொழிலுக்குப் பார்வையாளர் கணக்கு முதல் வேலை அல்ல

இணையதளம் வைத்திருக்கும் எந்தச் சிறுதொழிலும் முதல் நாளிலேயே கூகுள் அனலிட்டிக்ஸ் பொருத்திவிட வேண்டும் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத விதியாகிவிட்டது. தளம் செய்து தருபவர் தம் வேலைப் பட்டியலில் அதை ஒரு வரியாக எழுதிவிடுகிறார். தொழில்முனைவோர் வகுப்புகளில் அது பாடமாக நடத்தப்படுகிறது. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: இலவசமாகக் கிடைக்கிறது; உலகமே பயன்படுத்துகிறது; தரவு இருந்தால்தான் தொழில் வளரும். லட்சக்கணக்கானோர் வந்துபோகும் தளத்துக்கு இவை பொருந்தலாம். மாதம் இருநூறு பேர் எட்டிப் பார்க்கும் கல்யாண மண்டபத்தின் தளத்துக்கோ, விசைத்தறிச் சேலை விற்பவரின் தளத்துக்கோ இவை பொருந்தா. அங்கே எண்ண வேண்டியது வேறு, எண்ணும் வழியும் வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே கருவியைக் கட்டிவிடுவது சிறுதொழிலுக்குச் செய்யும் உதவி ஆகாது.

திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கிறது கே.ஜி.கண்டிகை. சாலையின் ஒரு முனையில் முருகன் மலை, மறுமுனையில் யோக நரசிம்மர் மலை. விசைத்தறிக்குப் பெயர்பெற்ற பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகியவை அதே வட்டாரத்தில் உள்ளன. ஆந்திரத்து நகரியும் தொலைவில் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் இணையதளம் வைக்கக்கூடிய தொழில்கள் எவை என்று பார்த்தால் மண்டபம், லாட்ஜ், வாடகை வேன், சேலை மொத்த வியாபாரம், சமையல் கான்ட்ராக்ட், பம்ப்செட் விற்பனை என்று பட்டியல் போகும். நடைமுறையில் உள்ள விதி சரியா தவறா என்பதை இத்தகைய தொழில்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே முறை.

விதி பிறந்த இடம்

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இயங்கிய அர்ச்சின் என்ற நிறுவனம் வெப்சைட்டுகளின் வருகைப் பதிவுகளை அலசும் மென்பொருளை விற்றுவந்தது. 2005 ஏப்ரலில் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் அதை இலவசமாக வெளியிட்டது. அதுவரை பணம் கொடுத்து வாங்கிய ஒரு பொருள் இலவசமானதும் கூட்டம் பெருகியது. வெளியான ஒரு வாரத்துக்குள் புதிய பதிவுகளை நிறுத்திவைக்க வேண்டிய நிலை வந்தது.

ஒரு பெருநிறுவனம் இவ்வளவு செலவு பிடிக்கும் சேவையை இலவசமாகத் தருவதற்குக் காரணம் இருக்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் 2023 ஆம் ஆண்டு வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. விளம்பரத்துக்குக் கொடுத்த ஒரு ரூபாய் எத்தனை ரூபாய் விற்பனையைக் கொண்டுவந்தது என்று விளம்பரதாரர் தெரிந்துகொண்டால் அடுத்த ரூபாயையும் அங்கேயே போடுவார். அனலிட்டிக்ஸ் அந்தக் கணக்கைக் காட்டுவதற்கான கருவி. விளம்பரம் கொடுப்பவருக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் விளம்பரமே கொடுக்காத கடை அதைப் பொருத்தும்போது, தனக்கு எழாத கேள்விக்கான விடையைத்தான் சேகரிக்கத் தொடங்குகிறது. விதி யாருக்காக உண்டானது என்பது மறந்துபோய், விதி மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சிறிய எண்கள் பேசுவதில்லை

இந்தக் கருவிகள் காட்டும் விழுக்காடுகளும் ஏறுமுக, இறங்குமுக அம்புகளும் பெரிய எண்களை நம்பி வடிவமைக்கப்பட்டவை. மாதம் இருநூறு வருகை உள்ள தளத்தில் அவற்றைப் பார்ப்பது, லாரி நிறுக்கும் எடைமேடையில் ஒரு முழம் பூவை வைத்து நிறுப்பது போன்றது.

ஒரு மண்டபத்துக்குச் சென்ற மாதம் 9 விசாரணைகள், இந்த மாதம் 14 விசாரணைகள் வந்தன என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் 56 விழுக்காடு உயர்வு என்று பச்சை அம்பு தோன்றும். தளத்தில் புதிதாகப் போட்ட படம்தான் காரணம் என்று தளம் செய்தவர் சொல்வார். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு எண்களையும் கூட்டினால் 23. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.8. இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு இதைப்போல் இருமடங்கை, அதாவது பத்தைத் தொட்டால்தான் ஏதோ காரணம் இருக்கிறது என்று சந்தேகிக்கவே தொடங்கலாம். இங்கே வேறுபாடு வெறும் 5. எந்தக் காரணமும் இல்லாமலே இப்படி ஏறும், இறங்கும். அந்தப் பச்சை அம்பை நம்பிச் செலவு செய்தால் அது தற்செயலுக்குக் கொடுத்த காசு.

பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்ற ஆலோசனையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. இப்போது நூற்றுக்கு 2 பேர் போன் செய்கிறார்கள். புதிய வடிவம் அதை 3 ஆக்குமா என்று அறிய வேண்டும். புள்ளியியலில் வழக்கமாக ஏற்கப்படும் பிழை வரம்புகளோடு இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 3,900 பேர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 7,800. மாதம் இருநூறு பேர் வரும் தளத்தில் சோதனை முடிய 39 மாதம் ஆகும். மூன்றேகால் ஆண்டில் மண்டபத்துக்கு அடுத்த வண்ணம் பூசிவிடுவார்கள், கட்டணம் இரண்டு முறை மாறியிருக்கும், போட்டிக்கு இன்னொரு மண்டபமும் வந்திருக்கும். இத்தகைய சோதனைகளுக்காகக் கூகுள் இலவசமாகத் தந்துவந்த ஆப்டிமைஸ் என்ற கருவியும் 2023 செப்டம்பர் 30 உடன் மூடப்பட்டுவிட்டது.

சிறிய எண்களைக் கருவியே முழுமையாகக் காட்டுவதில்லை என்பது அடுத்த சிக்கல். ஒரு வரியில் மிகச் சிலர் மட்டுமே இருந்தால், அவர்கள் யார் என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில அறிக்கைகளில் அந்த வரியையே அனலிட்டிக்ஸ் மறைத்துவிடும். இது நல்ல ஏற்பாடு. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பது. ஆனால் சிறிய தளத்தில் முக்கால்வாசி வரிகள் மிகச் சிலரைக் கொண்ட வரிகள்தாம். பெரிய தளத்தில் ஓரத்தில் மட்டும் விழும் இருட்டு, சிறிய தளத்தில் பக்கம் முழுவதும் விழுகிறது.

விற்பனை நடக்கும் இடம் வேறு

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. சிறுதொழிலின் வியாபாரம் தளத்துக்கு உள்ளே நடப்பதில்லை. திருத்தணியில் ஒரு கல்யாணத்துக்கு மண்டபம் தேடுபவர் கூகுள் மேப்பில் தேடுகிறார். படங்களையும் மதிப்புரைகளையும் அங்கேயே பார்க்கிறார். அங்கேயே அழைப்புப் பொத்தானை அழுத்திப் பேசிவிடுகிறார். தளத்துக்கு அவர் வரவே இல்லை. நேரில் வந்து பார்த்து, ஜாதகம் பார்த்து முகூர்த்த நாள் குறித்து, அட்வான்ஸ் கொடுக்கிறார். அனலிட்டிக்ஸின் கணக்கில் இப்படி ஒரு மனிதர் இல்லவே இல்லை. கல்லாவில் மட்டும் இருக்கிறார்.

தளத்துக்கு வருபவரும் எங்கிருந்து வந்தார் என்பது பல நேரம் தெரிவதில்லை. சிறுவியாபாரத்தில் லிங்க் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் கைமாறுகிறது. சொந்தக்காரர் குழுவில் ஒருவர் அனுப்பிய லிங்கைத் தட்டி வருபவரை, முகவரியை நேரே டைப் செய்து வந்தவராகவே அனலிட்டிக்ஸ் வகைப்படுத்துகிறது. வாட்ஸ்அப் செயலி தான் அனுப்பிய தடத்தைப் பெரும்பாலும் விடுவதில்லை. வாய்வழிப் பரிந்துரையின் இன்றைய வடிவம் வாட்ஸ்அப். சிறுதொழிலின் முதன்மையான விற்பனை வழி அது. அந்த வழியே அறிக்கையில் பெயரில்லாமல் போகிறது.

ஊர்க் கணக்கும் அப்படித்தான். பார்வையாளர் எந்த ஊர் என்பதை அவருடைய இணைய முகவரி எண்ணை வைத்து அனலிட்டிக்ஸ் ஊகிக்கிறது. செல்போன் இணையத்தில் பல ஆயிரம் பேரின் போக்குவரத்து தொலைவில் உள்ள ஒரு மையத்தின் வழியே வெளியேறுகிறது. ஆகவே திருத்தணியில் உட்கார்ந்து பார்ப்பவர் சென்னைக்காரராகப் பதிவாவது சாதாரணம். கே.ஜி.கண்டிகைக் கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது வாடிக்கையாளர் அரக்கோணம் பக்கமா, சோளிங்கர் பக்கமா, நகரி பக்கமா என்பதுதான். வேன் எந்தத் திசையில் ஓட வேண்டும், நோட்டீஸ் எங்கே ஒட்ட வேண்டும், பலகையில் தெலுங்கிலும் எழுத வேண்டுமா என்ற முடிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அறிக்கை அதைச் சொல்லாது. போனை எடுத்தவர் "எந்த ஊர்லேருந்து பேசுறீங்க?" என்று கேட்டால் ஒரே நொடியில் விடை வந்துவிடும்.

நாள்காட்டி வேறு

"முந்தைய காலத்தோடு ஒப்பிடுக" என்பது இந்தக் கருவிகளில் எல்லோரும் அழுத்தும் பொத்தான். சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை அது ஒப்பிடும். ஆனால் இந்த வட்டாரத்தின் வியாபாரம் ஆங்கில மாதத்தைப் பார்த்து நடப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மண்டபத்துக்கு விசாரணை குறையும். அதே ஆடியில் வரும் கிருத்திகையன்று திருத்தணி மலைக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வருவார்கள். லாட்ஜும் வேனும் நிறையும். ஆடிக் கிருத்திகை சில ஆண்டு ஜூலையிலும் சில ஆண்டு ஆகஸ்டிலும் விழும். டிசம்பர் 31 அன்று 365 படிகளுக்கும் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும் படித் திருவிழாவுக்குக் கூட்டம் சேரும். கார்த்திகை மாதத்தில் சோளிங்கர் நரசிம்மர் கண் திறந்து அருள்கிறார் என்ற நம்பிக்கையால், அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிகைச் சாலையில் வண்டி நெருக்கம் கூடும். சோளிங்கர் மலைக்கு 2024 இல் ரோப்கார் வந்தபின் ஏற முடியாத முதியவர்களும் வருகிறார்கள்.

இவற்றில் ஒன்றுகூடத் தளத்தின் வண்ணத்தாலோ எழுத்தாலோ நடந்ததில்லை. ஆனால் அறிக்கையில் எல்லாம் தளத்தின் ஏற்ற இறக்கமாகவே தெரியும். சென்ற ஆண்டு ஆடியோடு இந்த ஆண்டு ஆடியை ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு. அதற்குத் தேவைப்படுவது தமிழ் மாதத்தையும் முகூர்த்த நாளையும் குறித்து எழுதிய ஒரு பேரேடு. கருவி அதைத் தானாகச் செய்யாது. சொந்தக்காரரின் மனத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இலவசம் என்ற வாதமும் வரலாறு என்ற வாதமும்

"இன்று பயன்படாவிட்டாலும் பொருத்தி வைப்போம், பிற்காலத்துக்குப் பழைய கணக்கு இருக்கும்" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். நடந்தது அதற்கு எதிரானது. பல ஆண்டுகள் உலகம் பயன்படுத்திய பழைய வடிவமான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 உடன் புதிய வருகைகளைப் பதிவதை நிறுத்தியது. 2024 ஜூலையில் பழைய கணக்குகளைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது. யாரெல்லாம் தாமாக எடுத்து வைத்துக்கொள்ளவில்லையோ அவர்களின் பத்தாண்டு வரலாறும் போயிற்று. பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். மண்டபக்காரருக்கு அறிவிப்பு மின்னஞ்சல் வந்ததுகூடத் தெரிந்திருக்காது. புதிய வடிவத்திலோ, தனித்தனி வருகைகளின் விவரம் இயல்பாக 2 மாதமே இருக்கும். அமைப்பில் போய் மாற்றினால் இலவசக் கணக்கில் 14 மாதம். மொத்தக் கணக்கு அறிக்கைகள் மட்டும் அதற்குப் பிறகும் நிற்கும்.

இதே 2024 இல் இன்னொன்றும் நடந்தது. கூகுள் பிசினஸ் பக்கம் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஒருபக்க இணையதளங்களை அந்த நிறுவனம் மார்ச்சில் நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்கள் பிசினஸ் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதன்பின் அந்த முகவரிகள் செத்துப்போயின. விசிட்டிங் கார்டிலும் பலகையிலும் அந்த முகவரியை அச்சடித்த கடைகள் நம் நாட்டில் ஏராளம். பிறர் இலவசமாகத் தந்ததைப் பிறர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலவசத்துக்கு வேறு விலையும் உண்டு. ஒவ்வொரு பார்வையாளரின் செல்போனிலும் கூடுதலாக ஒரு நிரல் இறங்குகிறது. சிக்னல் வலுவில்லாத இடத்தில் அது பக்கத்தைத் தாமதமாக்கும். பார்வையாளருக்கு ஓர் அடையாள எண் ஒட்டப்படுகிறது. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எந்தத் தரவு, எதற்காகத் திரட்டப்படுகிறது என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த அறிவிப்பைத் தமிழ், தெலுங்கு உட்பட அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். விசாரணைப் படிவத்தில் வாங்கும் பெயரும் போன் நம்பரும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில் ஐயமில்லை. உலாவியில் ஒட்டும் அடையாள எண்ணைப் பற்றி வழக்கறிஞர்கள் வாதாடலாம். திரட்டாத தரவுக்கு எந்த வாதமும் தேவைப்படாது. தேவையற்றதைத் திரட்டாமல் இருப்பதே சிறுதொழிலுக்கு மலிவான பாதுகாப்பு.

முறையான வரிசை

அளவீடே வேண்டாம் என்பதல்ல இங்கே வாதம். அளவீடு முடிவிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் எண் மாறினால் எந்த முடிவு மாறும் என்று சொல்ல முடியாவிட்டால், அந்த எண்ணைத் திரட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்க்காணும் வரிசையில் போனால் போதும்.

முதலாவது, கேள்வி. மூன்றுக்கு மேல் வேண்டாம். அடுத்த ஆண்டு பத்திரிகை விளம்பரம் கொடுக்கலாமா? தெலுங்கில் ஒரு பக்கம் சேர்க்கலாமா? தளத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் பணத்தைக் கொடுக்கலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்ற விடை உண்டு. விடை கிடைத்தால் பணம் செலவாகும் அல்லது மிச்சமாகும்.

இரண்டாவது, நோட்டுப் புத்தகம். விசாரணை வந்த நாள், எந்த ஊர், எதற்காக, எப்படித் தெரிந்துகொண்டார், முடிந்ததா என்று ஐந்து கட்டங்கள். போனை எடுப்பவர் எவராக இருந்தாலும் இந்த ஐந்தையும் எழுத வேண்டும். வாடிக்கையாளரின் நினைவு தவறும், ஒருவர் இரண்டு வழிகளில் கேள்விப்பட்டிருப்பார் என்பன உண்மையான குறைகள். ஆனாலும் விற்பனையில் முடிந்ததா என்ற கடைசிக் கட்டம் வேறெந்தக் கருவியிலும் இல்லை. மாதம் இருபது விசாரணை வரும் தொழிலில் இருபதையும் எழுதிவிட முடியும் என்பதே சிறுதொழிலின் பலம். பெருநிறுவனத்துக்கு இல்லாத வசதி அது.

மூன்றாவது, கூகுள் பிசினஸ் பக்கம். பெயர், நேரம், போன், படங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை. எத்தனை பேர் அழைப்புப் பொத்தானை அழுத்தினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன தேடி வந்தார்கள் என்பதை அது காட்டும். மாதம் ஒருமுறை அந்த எண்களை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கேயே நிரந்தரமாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

நான்காவது, வாட்ஸ்அப் லிங்க். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 இல் வந்தது முதல் சிறுகடைகளின் ஆர்டர் புத்தகமாகவே மாறிவிட்டது. உரையாடலைத் தொடங்கும் லிங்கிலேயே முதல் செய்தியை முன்கூட்டி எழுதி வைக்க முடியும். தளத்தில் உள்ள லிங்கில் "வெப்சைட் பார்த்தேன், விவரம் வேண்டும்" என்றும், சாலையோரப் பலகையில் உள்ள கியூஆர் கோடில் "பலகை பார்த்தேன், விவரம் வேண்டும்" என்றும் வைத்துவிட்டால், செய்தி வந்து விழும்போதே அது எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். எவரையும் பின்தொடரவில்லை, எந்த நிரலும் தேவையில்லை. அனுப்புபவர் தாம் என்ன அனுப்புகிறார் என்பதைக் கண்ணால் பார்த்தே அனுப்புகிறார். வாட்ஸ்அப் வழியை அனலிட்டிக்ஸ் மறைத்துவிடுகிறது என்ற குறைக்கு இது நேரடியான மாற்று.

ஐந்தாவது, கூகுள் சர்ச் கன்சோல். மக்கள் என்ன சொல்லைத் தேடியபோது தளம் தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது 16 மாதக் கணக்கைத் தருகிறது. பார்வையாளரின் போனில் எதையும் ஒட்டுவதில்லை. மிக அரிதான தேடல்களை அதுவும் மறைக்கும். ஆனாலும் இந்த எல்லைப் பகுதிக்கு அது தரும் செய்தி பெரிது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 இல் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சந்தை அந்த எல்லைக் கோட்டோடு நின்றுவிடவில்லை. தேடுபவர் தமிழில் தேடுகிறாரா, தெலுங்கில் தேடுகிறாரா, ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார் என்பது தெரிந்தால், தளத்தில் என்ன எழுத வேண்டும் என்ற முடிவு தானே வரும்.

ஆறாவது, எளிய எண்ணி. இவ்வளவுக்குப் பிறகும் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், பணம் கட்டி வாங்கிய ஹோஸ்டிங்கிலேயே பெரும்பாலும் அதற்கு வழி இருக்கும். ஒவ்வொரு வருகையையும் சர்வர் தானாகவே பதிவு செய்கிறது. ஏடபிள்யூஸ்டாட்ஸ் போன்ற பழைய கருவிகள் அந்தப் பதிவைப் படித்துச் சொல்லும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களையும் அவை ஓரளவு ஆட்களோடு சேர்த்து எண்ணிவிடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அதைவிடத் துல்லியம் வேண்டுவோருக்கு, குக்கி வைக்காமலே எண்ணும் கோட்கவுன்டர், பிளாசிபிள் போன்றவை உண்டு. 2007 இல் பிவிக் என்று தொடங்கி 2018 முதல் மட்டோமோ என்று அழைக்கப்படும் மென்பொருளைச் சொந்த ஹோஸ்டிங்கிலேயே நிறுவிக்கொள்ளலாம். தரவு வெளியே போகாது.

எதிர்த்தரப்பு சரியாகும் இடம்

கூகுள் அனலிட்டிக்ஸ் தேவைப்படும் சிறுதொழில்களும் உண்டு. பொதட்டூர்பேட்டைச் சேலையைத் தன் தளத்திலேயே பணம் வாங்கி நாடு முழுவதும் அனுப்பும் வியாபாரிக்குக் கடை என்பதே தளம்தான். கூடையில் போட்டவர் பணம் கட்டும் பக்கத்தில் ஏன் திரும்பிவிடுகிறார் என்பது அவருக்குக் காசு சம்பந்தப்பட்ட கேள்வி. மாதந்தோறும் கூகுளுக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ விளம்பரப் பணம் கட்டுபவருக்கும், கட்டிய பணம் திரும்பியதா என்று தெரிந்தாக வேண்டும். முன்சொன்ன விதியே இங்கும் பொருந்துகிறது: எண் மாறினால் முடிவு மாறும். ஆகவே எண்ண வேண்டும்.

அப்போதும் நிரலை ஒட்டிவிட்டுப் போய்விடுவது பொருத்துதல் ஆகாது. கணக்கு சொந்தக்காரரின் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். தளம் செய்தவரின் மின்னஞ்சலில் திறந்தால், அவரோடு உறவு முறியும் நாளில் கணக்கும் போய்விடும். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் இதே விதி. போன் பொத்தான், வாட்ஸ்அப் பொத்தான், பணம் கட்டி முடிந்த பக்கம் என்று இரண்டு மூன்றை மட்டும் முக்கிய நிகழ்வுகளாகக் குறிக்க வேண்டும். தரவு வைத்திருக்கும் காலத்தை 14 மாதமாக மாற்ற வேண்டும். சொந்தக்காரரும் வீட்டாரும் தளம் செய்தவரும் தினமும் திறந்து பார்ப்பதைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். சிறிய தளத்தில் அந்த நான்கைந்து பேரே கணிசமான பங்கு. விளம்பரத்துக்காக ஆளைப் பின்தொடரும் கூடுதல் வசதிகளை, தேவைப்படாதவரை அணைத்து வைக்க வேண்டும். தளத்தில் என்ன திரட்டப்படுகிறது என்பதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

உலகமே பயன்படுத்துகிறது என்ற வாதத்துக்கும் விடை இருக்கிறது. ஐரோப்பாவில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் வெளியான முடிவில், ஒரு தளம் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்திய முறை சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே பிரான்சின் ஆணையமும் அவ்வாறே முடிவு செய்தது. 2023 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புதிய ஏற்பாட்டுக்கு வந்தபின் நிலைமை மாறியது. சட்டமும் ஒப்பந்தமும் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பின்பற்றிக்கொண்டிருக்கப் பெருநிறுவனத்தில் ஒரு துறையே உண்டு. கண்டிகைக் கடையில் அந்தத் துறை, காலையில் கடை திறந்து இரவில் கல்லாவைக் கட்டும் அதே ஒரு மனிதர்தான். அவருடைய நேரமே அந்தத் தொழிலின் மிக அரிதான முதலீடு. அந்த நேரத்தை எந்த முடிவையும் மாற்றாத வரைபடங்களுக்குக் கொடுக்கச் சொல்வது தவறான ஆலோசனை.

ஆகவே தளம் செய்து தருபவர்களும் பயிற்சி நடத்துபவர்களும் தங்கள் பட்டியலின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கேள்வி, பிறகு நோட்டு, பிறகு பிசினஸ் பக்கம், வாட்ஸ்அப் லிங்க், சர்ச் கன்சோல், எளிய எண்ணி. விளம்பரமோ இணைய விற்பனையோ தொடங்கும்போது மட்டும் அனலிட்டிக்ஸ். தளம் வைத்திருக்கும் சிறுவியாபாரி, அடுத்த முறை யாரேனும் அனலிட்டிக்ஸ் பொருத்தச் சொன்னால், அதனால் தன்னுடைய எந்த முடிவு மாறும் என்று கேட்க வேண்டும். விடை வராவிட்டால் அந்த வேலைக்குப் பணமும் தர வேண்டாம், இடமும் தர வேண்டாம்.